உங்களுக்குத் தெரியுமா? புகை கலைந்த ஊர், பிட்ஸ்பர்க்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறது பிட்ஸ்பர்க். நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்து, எஃகு கைவிட்டதும் படுத்துவிட்டு, மறுபடியும் எழுந்து நடமாடும் ஊர். அது எழுந்த விதம் தெரிய வேண்டுமானால் பூங்காக்களையும் பழைய கட்டடங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். ஏறக்குறைய ஒவ்வொன்றுக்குப் பின்னாலும், ‘இதை விட்டுவிடக் கூடாது’ என்று யாரோ ஒருவர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நண்பகலில் தெருவிளக்கு

1940-கள் வரை பிட்ஸ்பர்கில் பட்டப்பகலிலும் தெருவிளக்கு எரிந்த நாட்கள் உண்டு. ஆலைப் புகையும் வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகையும் சேர்ந்து சூரியனை மறைத்தன. காலையில் போட்ட வெள்ளைச் சட்டை மதியத்துக்குள் கறுத்துவிடும் என்பதால், அலுவலகத்துக்கு மாற்றுச் சட்டை எடுத்துப் போனவர்களின் கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1941-லேயே வந்துவிட்டது. போர் முடிந்த பிறகு, 1946-ல்தான் அதை முறையாக அமல்படுத்த முடிந்தது. அதற்காகக் கைகோத்தவர்கள் மேயர் டேவிட் லாரன்ஸும் வங்கியாளர் ரிச்சர்ட் கிங் மெலனும். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. ஊருக்கு மூச்சு முட்டியபோது கட்சி குறுக்கே வரவில்லை.

குகைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர்

விமான நிலையத்திலிருந்து காரில் வந்தால் கடைசி நிமிடம் வரை ஊர் கண்ணில் படாது. மலையைக் குடைந்த ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டதும் ஆறுகள், மஞ்சள் பாலங்கள், உயர்ந்த கட்டடங்கள் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் விரியும். 1960-ல் திறந்த பாதை இது. முதல்முறை போகிறவர்கள் பக்கத்து இருக்கையில் தூங்கிவிடாதீர்கள்!

இரண்டு ஆறுகள் சேர்ந்து மூன்றாவது

வடக்கிலிருந்து அலெகெனி, தெற்கிலிருந்து மொனாங்கஹேலா. இரண்டும் சந்திக்கும் முனையில் பிறக்கிறது ஒஹையோ ஆறு. அங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மிசிசிப்பியில் கலக்கிறது. இந்தக் கூடுதுறையில்தான் 36 ஏக்கரில் ‘பாயின்ட் மாநிலப் பூங்கா’ அமைந்திருக்கிறது. ஒரு காலத்தில் ரயில் தடங்களும் சரக்குக் கிடங்குகளும் அடைத்துக்கிடந்த இடம் இது. அவற்றை அகற்றிப் பூங்காவாக்கி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்று ஆற்றோரப் படிக்கட்டில் உட்கார்ந்தால் படகுகள் காலடியில் போகும்.

கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஆறு

பூங்காவின் முனையில் 1974-ல் திறக்கப்பட்ட நீரூற்று, 150 அடி உயரம் வரை தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். அந்தத் தண்ணீர் பக்கத்தில் ஓடும் ஆறுகளிலிருந்து வருவதில்லை. பனியுகக் காலத்தில் படிந்த மணலுக்கும் சரளைக்கும் இடையே ஊருக்கு அடியில் பெரிய நிலத்தடி நீரோட்டம் ஒன்று இருக்கிறது. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘நாலாவது ஆறு’. நீரூற்றுக்கு ஊறுவது அதுதான்.

கோட்டை போனது, கோடு இருக்கிறது

1753-ல் இந்த முனையில் நின்று, ‘கோட்டை கட்ட ஏற்ற இடம்’ என்று குறித்துக்கொண்டு போனார் 21 வயது இளைஞர் ஒருவர். பெயர், ஜார்ஜ் வாஷிங்டன்! மறு ஆண்டே முந்திக்கொண்டு அங்கே டியூகேன் கோட்டையைக் கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1758-ல் பிரிட்டிஷ் படை நெருங்கியதும் அவர்களே அதைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். இடத்தைப் பிடித்த தளபதி ஃபோர்ப்ஸ், பிரிட்டிஷ் அரசியல் தலைவர் வில்லியம் பிட்டின் பெயரை ஊருக்குச் சூட்டினார். இன்று பூங்காவின் புல்வெளியில் டியூகேன் கோட்டையின் வடிவத்தைக் கல்லால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதன்மேல் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள்.

பெண்கள் காப்பாற்றிய காவல் வீடு

டியூகேன் இருந்த இடத்துக்கு அருகிலேயே பிரிட்டிஷார் கட்டிய பிட் கோட்டையில் மிஞ்சியது ஒரு சின்னஞ்சிறு கட்டடம். 1764-ல் கட்டிய ‘பிளாக் ஹவுஸ்’. பிட்ஸ்பர்கிலேயே மிகப் பழைய கட்டடம் இதுதான். அடியில் கல், மேலே செங்கல், நடுவில் துப்பாக்கி நீட்டத் துளை போட்ட மரக்கட்டைகள். கிட்டே போய்ப் பாருங்கள். 250 ஆண்டு மழையிலும் பனியிலும் அந்த மரம் வரிவரியாக வெடித்திருக்கும். ஆனாலும் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும். கோட்டை போன பிறகு நூறாண்டுக்கு மேல் இதில் குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருந்தன. 1894-ல் இது பெண்கள் அமைப்பு ஒன்றின் கைக்கு வந்தது. சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் ரயில்வே வளைத்தபோதும் அந்தப் பெண்கள் இதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் உள்ளே போய்ப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

தொலைந்துபோன எழுத்து

பிட்ஸ்பர்கின் ஆங்கிலப் பெயரில் கடைசியில் ‘எச்’ என்று ஓர் எழுத்து வரும். 1890-களில் ஊர்ப்பெயர்களைச் சீராக்குகிறோம் என்று மத்திய அரசின் வாரியம் அதை வெட்டிவிட்டது. ஊர் விடவில்லை. முறையிட்டு, முறையிட்டு 1911-ல் அந்த ஒற்றை எழுத்தைத் திரும்பப் பெற்றது.

பலகாரம் விற்று மீட்ட மலை ரயில்

ஆற்றங்கரையில் ஆலை, மலைமேல் தொழிலாளர் வீடு. ஏறி இறங்குவதற்கு ‘இன்க்ளைன்’ எனும் இழுவை ரயில். நாம் பழனியில் ‘விஞ்ச்’ என்போமே, அந்த வகைதான். ஒரு காலத்தில் ஊரில் 15-க்கும் மேற்பட்ட இன்க்ளைன்கள் ஓடின. மிச்சம் இருப்பவை இரண்டு. 1870-ல் தொடங்கிய மொனாங்கஹேலா, 1877-ல் தொடங்கிய டியூகேன்.

1962-ல் டியூகேன் இன்க்ளைன் பழுதாகி நின்றது. நடத்தியவர்கள் கைவிட்டார்கள். மலைமேல் குடியிருந்தவர்கள் பலகாரம் விற்றும், நினைவுச் சீட்டு விற்றும் பணம் திரட்டினார்கள். 1963-ல் ரயில் மறுபடி ஏறியது. பெட்டிக்குள் செர்ரி மரப் பலகைகள் கை பட்டுப் பட்டு வழவழவென்று மின்னும். மேலே போனதும் இயந்திர அறையைப் பார்க்கத் தவறாதீர்கள். அங்கே சுழலும் பெரிய பல்சக்கரத்தின் பற்கள் மரத்தால் ஆனவை!

படிக்கட்டுக்கும் தெருப்பெயர்

மலையும் பள்ளமுமான இந்த ஊரில் 700-க்கும் அதிகமான பொதுப் படிக்கட்டுகள் உள்ளன. அவற்றில் பல, நகர வரைபடத்தில் முறைப்படி தெருக்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்பினால் எதிரே தார்ச்சாலை இருக்காது. நூறு படிகள் இருக்கும். ஆலைக்குப் போன கால்கள் தேய்த்த படிகள் அவை.

மூன்று சகோதரிகள்

ஊரில் 446 பாலங்கள் என்பது உள்ளூர்க் கணக்கு. அவற்றில் அலெகெனி ஆற்றின்மேல் வரிசையாக நிற்கும் மூன்று மஞ்சள் தொங்கு பாலங்கள், அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். 1920-களில் கட்டியவை. ‘மூன்று சகோதரிகள்’ என்று பெயர். ஒன்றுக்கு பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் பெயர். நிலநடுக்கத்தில் தவித்த நிகராகுவாவுக்கு உதவிப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து 1972-ன் கடைசி நாளில் இறந்தவர் அவர். ஆட்டம் நடக்கும் நாட்களில் அந்தப் பாலத்தில் கார்களை நிறுத்திவிட்டு, ரசிகர்களை நடந்துபோக விடுவது வழக்கம். இன்னொன்று, பிட்ஸ்பர்கில் பிறந்த ஓவியர் ஆண்டி வார்ஹோலின் பெயரில். மூன்றாவது, பூச்சிமருந்துகளின் கேட்டை 1962-ல் உலகுக்கு எடுத்துச்சொன்ன ரேச்சல் கார்சனின் பெயரில். அவர் பிறந்த ஸ்பிரிங்டேல், இதே ஆற்றின் கரையில் கொஞ்சம் மேலே இருக்கிறது.

முந்திய கப்பல்

மேரி ஷென்லி 15 வயதில் ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியோடு ஊரைவிட்டு ஓடிப்போய்த் திருமணம் செய்துகொண்டவர். பிறகு இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். பாட்டன் வழியில் வந்த பெருநிலம் பிட்ஸ்பர்கில் இருந்தது. அதை விலை பேச நில வணிகர் ஒருவரின் ஆள் லண்டனுக்குக் கிளம்புகிறார் என்று, நகரப் பொதுப்பணி இயக்குநர் எட்வர்ட் பிக்லோவின் காதுக்குச் செய்தி வந்தது. அவர் அனுப்பிய வக்கீல் இரவு ரயிலைப் பிடித்து, நியூயார்க்கில் கப்பல் ஏறி, இரண்டு நாள் முன்னதாக லண்டன் போய்ச் சேர்ந்தார் என்பது ஊரார் சொல்லும் கதை. மேரி 1889-ல் 300 ஏக்கரை நகரத்துக்குத் தானமாக எழுதிவைத்தார். போட்ட நிபந்தனைகள்: பூங்காவுக்குத் தன் பெயர் வேண்டும், என்றைக்கும் விற்கக் கூடாது. ஷென்லி பூங்கா இன்று 450 ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கிறது.

பொருட்காட்சியிலிருந்து வந்த செடிகள்

ஷென்லி பூங்காவுக்குள் நிற்கும் கண்ணாடி மாளிகை, ‘ஃபிப்ஸ்’ தாவரக் காட்சியகம். எஃகுத் தொழிலதிபர் கார்னகியின் தொழில் கூட்டாளி ஹென்றி ஃபிப்ஸ் ஊருக்குக் கொடுத்த பரிசு. 1893-ல் திறந்தபோது உள்ளே வைத்த செடிகளில் பல, அதே ஆண்டு சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியிலிருந்து வந்தவை. வெளியே பனி கொட்டும் ஜனவரியிலும் உள்ளே பனைகளும் ஆர்க்கிட்களும் வியர்த்து நிற்கும். 2012-ல் இங்கே சேர்ந்த புதிய கட்டடம், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்து, தன் கழிவுநீரைத் தானே சுத்திகரித்துக்கொள்ளும்படி கட்டப்பட்டது. புகைக்குப் பேர்போன ஊரில் இப்படியொரு கட்டடம்!

கார் நிறுத்தம் பூங்கா ஆனது; பூங்காவுக்குக் கீழே கார் நிறுத்தம்

ஷென்லி பூங்காவின் வாசலில் உள்ள ‘ஷென்லி பிளாசா’ புல்வெளி, பல்லாண்டு காலம் வெறும் கார் நிறுத்துமிடம். 2006-ல்தான் பச்சைக்குத் திரும்பியது. நகர மையத்தில் உள்ள ‘மெலன் சதுக்கம்’ கதையே வேறு. 1955-ல் நிலத்தடியில் கார் நிறுத்தம் கட்டி, அதன் கூரைமேல் மரமும் நீரூற்றும் வைத்தார்கள். நவீன காலத்தில் இப்படி அமைந்த முன்னோடிப் பூங்கா இது.

பத்து பத்து சென்ட்டாக எழுந்த கோபுரம்

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ‘கதீட்ரல் ஆஃப் லேர்னிங்’ 42 மாடி, 535 அடி. 1926-ல் கட்டத் தொடங்கிய இந்தக் கல்விக் கோபுரத்துக்குப் பள்ளிக் குழந்தைகள் ஏறத்தாழ 97,000 பேர் ஆளுக்குப் பத்து சென்ட் கொடுத்தார்கள். ஒரு செங்கல் அவர்களுடையது என்று கணக்கு. கீழ்த்தளங்களில், ஊருக்குப் பிழைக்க வந்த ஒவ்வொரு சமூகத்தின் பண்பாட்டுக்கும் ஒரு வகுப்பறை என்று முப்பதுக்கும் மேல் உள்ளன. இந்திய அறை 2000-ல் திறந்தது. நாளந்தாவின் முற்றத்தை மாதிரியாகக் கொண்டு செங்கல்லால் அமைத்தது. அந்த அறைகளில் இன்றும் பாடம் நடக்கிறது.

இடிந்த மைதானத்தின் சுவர்

அதே வட்டாரத்தில், போக்குவரத்துக்கு நடுவே ஒரு பழைய செங்கல் சுவர் தனியாக நிற்கும். 1971-ல் இடித்த ‘ஃபோர்ப்ஸ் ஃபீல்ட்’ பேஸ்பால் மைதானத்தின் மிச்சம். 1960 அக்டோபர் 13 அன்று பில் மசெரோஸ்கி கடைசி இன்னிங்ஸில் அடித்த பந்து இடப்பக்க எல்லையைத் தாண்டிப் போக, உலகத் தொடரை பிட்ஸ்பர்க் வென்றது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் ரசிகர்கள் சுவரடியில் கூடி, பழைய வானொலி வர்ணனையை முதலிலிருந்து ஒலிக்கவிட்டுக் கேட்கிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பந்து பறக்கும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

கசடு மலைமேல் வீடுகள்

நகரின் மிகப் பெரிய பூங்கா, 600 ஏக்கரைத் தாண்டும் ஃப்ரிக் பூங்கா. அதன் ஓரமாக ஓடும் ‘நைன் மைல் ரன்’ ஓடைப் பள்ளத்தாக்கில், 1920-களிலிருந்து எஃகு ஆலைகளின் கசடைக் கொட்டினார்கள். அது நூறு அடிக்கு மேல் மலையாகக் குவிந்தது. பின்னாளில் அந்தக் கசடு மேட்டின்மேல் மண் பரப்பி வீடுகள் எழுந்தன. ஓடையைத் தோண்டித் திருத்தி, வளைவுகள் கொடுத்து, கரையில் நாட்டு மரங்கள் நட்டார்கள். 2006-ல் அந்தப் பணி முடிந்தது. சாக்கடையாகிப்போன ஓடை மறுபடி மீனைப் பார்த்தது.

பாதியாகச் சுருங்கிய ஊர்

1950-ல் பிட்ஸ்பர்கின் மக்கள்தொகை சுமார் 6.77 லட்சம். 2020-ல் சுமார் 3.03 லட்சம். புறநகருக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஒருபுறம் என்றால், 1980-களில் ஆலைகள் வரிசையாக மூடியதும் வேலை தேடி ஊரையே விட்டவர்கள் மறுபுறம். அந்தக் காலிடங்களை நிரப்பியவை மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் கணினி ஆய்வுக்கூடங்களும். ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி உருவானது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில்தான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு 1979-ல் முதல் இயக்குநரான ராஜ் ரெட்டி, நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்! 1994-ல் டூரிங் விருது பெற்றார்.

உருகிய இரும்பு போன பாலத்தில் சைக்கிள்

மொனாங்கஹேலாவின் மேல் ‘ஹாட் மெட்டல்’ பாலம் என்று ஒன்று. பெயர் சும்மா வந்ததில்லை. ஒரு கரையில் உள்ள ஊதுலையில் உருக்கிய இரும்பை, கொதிக்கக் கொதிக்க ரயில் கொப்பரைகளில் ஏற்றி, மறுகரை எஃகு ஆலைக்கு இதன் வழியே கொண்டுபோனார்கள். இன்று அதில் சைக்கிள்களும் குழந்தை வண்டிகளும் போகின்றன. பழைய ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக்கி, மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை 240 கிலோமீட்டருக்கு இணைத்திருக்கிறார்கள். கடைசித் துண்டு 2013-ல் சேர்ந்தது. அங்கிருந்து கால்வாய்க் கரைப் பாதையைப் பிடித்தால் தலைநகர் வாஷிங்டனுக்கே மிதித்துப் போய்விடலாம்.

துருவுக்குள் ஒரு மான்

நகருக்குச் சற்று வெளியே, ஆற்றோரம் நிற்கின்றன 92 அடி உயரமுள்ள கேரி ஊதுலைகள் இரண்டு. உச்சத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பு உருக்கியவை. 1978-ல் அணைந்தன. காடு மண்டிக்கிடந்த அந்த வளாகத்துக்குள் 1990-களின் இறுதியில் கலைஞர்கள் சிலர் நுழைந்து, அங்கே கிடந்த குழாய்களையும் கம்பிகளையும் கொண்டே நாற்பது அடிக்கு மேல் உயர்ந்த மான் தலை ஒன்றைக் கட்டினார்கள். 2006-ல் இடத்துக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் எனும் தகுதி வந்தது. மானும் தங்கிவிட்டது. ஆலையில் வேலை பார்த்தவர்களே வழிகாட்டியாக வந்து, சூடு எப்படி இருந்தது என்று கையை முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியதுண்டு.

பன்னிரண்டு புகைபோக்கிகள்

பக்கத்து ஊரான ஹோம்ஸ்டெட்டின் எஃகு ஆலையில் 1892 ஜூலையில் வேலைநிறுத்தம். நிர்வாகம் கூலிக்கு அமர்த்திய பிங்கர்டன் காவலர்கள் தோணிகளில் வந்திறங்க, தொழிலாளர்கள் எதிர்த்து நிற்க, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் மறக்க முடியாத நாள். 1986-ல் ஆலை மூடியது. இன்று அங்கே கடைவீதியும் திரையரங்கும். ஆனால் வரிசையாக நிற்கும் 12 செங்கல் புகைபோக்கிகளை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். மோதல் நடந்த பம்ப் ஹவுஸ் கட்டடமும் ஆற்றங்கரையில் அப்படியே நிற்கிறது.

ஒட்டுப்போட்ட பூங்கா

மறுமலர்ச்சிக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. 1950-களில் ‘புதுப்பிக்கிறோம்’ என்று ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் கீழ்ப்பாகத்தை இடித்துத் தள்ளினார்கள். சுமார் 8,000 பேர் வீடிழந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அங்கே எழுந்த அரங்கமும் இன்று இல்லை. குடியிருப்புக்கும் நகர மையத்துக்கும் நடுவே நெடுஞ்சாலை வெட்டிய பள்ளம் மட்டும் மிஞ்சியது. 2021-ல் அந்தச் சாலைக்கு மேலே மூடி போட்டதுபோல் மூன்று ஏக்கரில் ஒரு பூங்கா அமைத்தார்கள். அந்தப் பகுதி மக்களுக்காகப் போராடிய ஃப்ராங்கி பேஸ் அம்மையாரின் பெயர் அதற்கு. போனது திரும்பாது, நடந்து போக வழியாவது திரும்பியது. அதே பகுதியில் பிறந்த நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் பாழடைந்த வீடு, 2022-ல் கலை மையமாகக் கதவு திறந்திருக்கிறது.

பென் ஹில்ஸில் ஏழுமலையான்

புறநகரான பென் ஹில்ஸின் குன்றுச் சரிவில் வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கிறது ஸ்ரீ வேங்கடேஸ்வரர் கோயில். 1970-களில் திருப்பதி மாதிரியில் கட்டியது. அமெரிக்காவின் தொடக்ககால இந்துக் கோயில்களுள் ஒன்று. பல மாநிலங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் மணிக்கணக்கில் கார் ஓட்டி வந்து, பிள்ளைக்கு முடி இறக்கிப் போன தலம். இங்கே கிடைக்கும் புளியோதரைக்குத் தனிப் புகழ்!

நிலக்கரி மலை

சுற்றி முடித்து மாலையில் மவுன்ட் வாஷிங்டன் உச்சிக்கு வாருங்கள். கீழே மூன்று ஆறுகளும் ஒரே சட்டத்துக்குள் தெரியும். இந்த மலைக்குப் பழைய பெயர் ‘நிலக்கரி மலை’. பிட் கோட்டைக்கு அடுப்பெரிக்க இதைத்தான் முதலில் குடைந்தார்கள். பிறகு ஊரின் புகைக்கெல்லாம் இதன் வயிறு தீனி போட்டது. தோண்டித் தோண்டி மொட்டையான சரிவில் மரங்கள் மறுபடி வளர்ந்து, இன்று ‘எமரால்ட் வியூ’ எனும் பூங்காவாகி நிற்கிறது. இருட்டும்வரை அங்கேயே இருங்கள். பாலங்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கும். இப்போது அவை இருட்டிய பிறகுதான் எரிகின்றன.